எல்லோரும் ஒரே நேரத்தில்

1810 நவம்பர் 27. லண்டன் பெர்னர்ஸ் தெருவில் 54ஆம் எண் வீட்டுக் கதவை விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருவர் தட்டினார். புகைபோக்கி துடைக்கிறவர். வரச்சொல்லிக் கடிதம் வந்ததாம். நாங்கள் யாரையும் கூப்பிடவில்லையே என்று பணிப்பெண் அவரைத் திருப்பி அனுப்பினாள். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அதே தொழில்காரர் இன்னொருவர் வந்தார், பிறகு இன்னொருவர். இப்படி ஒரு டஜன் பேர். அவர்களுக்குப் பின்னால் நிலக்கரி வண்டிகள் வரிசைகட்டின. பெரிய பெரிய கல்யாணக் கேக்குகளோடு பேக்கரிக்காரர்கள் வந்தார்கள். பெட்டியும் கையுமாக மருத்துவர்கள், வக்கீல்கள், சாகக் கிடப்பவருக்குப் பிரார்த்தனை சொல்ல வந்த பாதிரியார்கள், மீன்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், பத்துப் பன்னிரண்டு பியானோக்கள், ஆறு தடியர்கள் தூக்கி வந்த ஓர் ஆர்கன். போதாக்குறைக்கு இங்கிலாந்து வங்கியின் ஆளுநரும் லண்டன் மேயரும் வந்து சேர்ந்தார்கள். தெரு அடைத்துப்போனது. வேடிக்கை பார்க்க வந்தவர்களால் அடுத்த தெருக்களும் அடைத்துப்போயின.

வீட்டுக்காரர் டாட்டன்ஹாம் அம்மையார். அவர் செய்த பிழை ஒன்றுமில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்த தியோடர் ஹுக் என்ற 22 வயது நாடக ஆசிரியரின் வேலை அது. லண்டனின் எந்த வீட்டையும் ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பேசும் முகவரியாக்கிக் காட்டுகிறேன் என்று நண்பர் சாமுவேல் பீஸ்லியிடம் பந்தயம் கட்டியிருந்தார். அதற்காக அனுப்பப்பட்ட கடிதங்கள் நாலாயிரம் என்று சொல்லப்படுகிறது.

லண்டனுக்குள் தபால் அப்போது இரண்டு பென்னிக்குப் போனது. ஒரே நாளில் பலமுறை பட்டுவாடாவும் நடந்தது. மலிவும் வேகமும் சேர்ந்த அந்த வசதி இல்லையென்றால் ஹுக்கின் குறும்பு பலித்திருக்காது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வந்தவர் ஒவ்வொருவரும் தன்னை மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நம்பி வந்தார். அவர்களில் எவர் தனியாக வந்திருந்தாலும் அந்த வீட்டுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

(ஹுக்குக்கும் தபாலுக்கும் பூர்வஜென்ம பந்தம் போலும். உலகில் இன்று கிடைத்திருக்கும் மிகப் பழைய படத் தபால் அட்டை 1840இல் ஹுக்கின் முகவரிக்கு வந்தது. அதில் தபால் குமாஸ்தாக்களைக் கேலி செய்யும் சித்திரம். தனக்குத் தானே அனுப்பிக்கொண்டார் என்று கருதுகிறார்கள்.)

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் தாண்டி கோபன்ஹேகனுக்கு வருவோம். அந்நகரத் தொலைபேசி நிறுவனம் 1908இல் அக்னர் க்ராரூப் எர்லாங் என்ற கணிதக்காரரை வேலைக்கு எடுத்தது. அவர் அதுவரை பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தியவர். நிறுவனத்தின் கேள்வி எளிமையானது. ஓர் ஊரில் ஆயிரம் வீடுகளில் தொலைபேசி இருந்தால் வெளியூருக்கு ஆயிரம் கம்பி இழுக்க வேண்டுமா? இழுத்தால் நிறுவனம் திவாலாகும். ஐந்தே கம்பி இழுத்தால் வாடிக்கையாளர் வைவார்கள். நடுவில் எந்த எண் சரி?

எர்லாங் ஏணி சுமக்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், பாதாளக் குழிகளில் இறங்கி அளவெடுத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. 1909இல் ஒரு கட்டுரையும் 1917இல் புகழ்பெற்ற சூத்திரங்களையும் வெளியிட்டார். இத்தனை அழைப்புக்கு இத்தனை இணைப்பு வைத்தால் இத்தனை பேருக்குத்தான் கிடைக்காமல் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இன்றுவரை தொலைத்தொடர்பு நெரிசலை அளக்கும் அலகுக்கு அவர் பெயர்தான்.

அந்தச் சூத்திரங்களுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: ஒருவர் பேசுவதற்கும் இன்னொருவர் பேசுவதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் வீட்டில் போனை எடுப்பது எதிர்வீட்டுக்காரர் எடுத்ததால் அல்ல. வங்கிகள் கையிருப்பு வைப்பதும், ஊருக்குள் சாலை போடுவதும், மருத்துவமனைக் கட்டில்களைத் தீர்மானிப்பதும் கிட்டத்தட்ட இதே நம்பிக்கையில்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்துவிட மாட்டார்கள். பெரும்பாலும் வருவதுமில்லை. எர்லாங் கணக்கில் பிழை கிடையாது. ஆனால் அவர் காலத்துக்குப் பிறகு வந்த கருவிகள், லட்சக்கணக்கானவர்களை ஒரே நொடியில் ஒரே காரியத்துக்குத் தூண்டக் கற்றுக்கொண்டன.

வானொலி அதைத்தான் செய்தது. முதலில் அழைக்கும் பத்துப் பேருக்குப் பரிசு என்று அமெரிக்க நிலையங்கள் அறிவிக்க, ஊர்த் தொலைபேசி நிலையமே திணறியது. நிறுவனங்கள் கண்டுபிடித்த தீர்வு சுவாரசியமானது. வானொலிப் போட்டிகளுக்கென்று தனி எண் தொகுதியை ஒதுக்கி, அதற்குப் போகும் பாதையை வேண்டுமென்றே குறுக்கிவைத்தார்கள். பரிசுக்கு அழைப்பவர்கள் தங்களுக்குள் முட்டிக்கொள்ளட்டும், ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவருக்கு வழி இருக்கட்டும் என்பது ஏற்பாடு.

இந்த நோய்க்கு முதலில் பெயர் வைத்தவர் பொறியாளர் அல்ல, கதைக்காரர். அறிவியல் புனைகதை எழுத்தாளர் லாரி நிவென் 1973இல் 'ஃபிளாஷ் க்ரவுட்' என்றொரு குறுநாவலை வெளியிட்டார். அதில் ஊரெங்கும் சாவடிகள். உள்ளே நுழைந்து எண்ணைச் சுழற்றினால் அடுத்த கணம் வேறு ஊரில் இருக்கலாம். நிவெனுக்கு முன்பே பலர் இப்படிக் கற்பனை செய்திருக்கிறார்கள். அவருடைய கெட்டிக்காரத்தனம் அடுத்த கேள்வியில் இருந்தது: இது உள்ளூர்த் தொலைபேசி அளவுக்கு மலிவானால் தெருவில் என்ன நடக்கும்?

ஒரு வணிக வளாகத்தில் கடைத்திருட்டு தொடர்பாகச் சின்னத் தகராறு. சுற்றித் திரிந்து செய்தி எடுக்கும் தொலைக்காட்சி நிருபர் ஒருவன் அதைப் படம்பிடித்து அனுப்புகிறான். பார்த்தவர்களில் சிலருக்கு நேரில் பார்க்க ஆசை. போவதற்கு ஒரு நொடி போதும், போகிறார்கள். கூட்டம் சேர்கிறது என்பதே அடுத்த செய்தியாகிறது. அதைப் பார்த்து இன்னும் பலர். கூட்டத்தில் திருடலாம் என்று சிலர். கடைசியில் அது கலவரமாகிறது. பழி நிருபன் தலையில். பிரச்சினை தானா, தொழில்நுட்பமா என்று தேடி அவன் உலகம் சுற்றக் கிளம்புகிறான். சாவடி வரவில்லை. கதையில் மிச்சமெல்லாம் வந்துவிட்டது.

கதைக்கு வெளியே, பிரிட்டனின் மின்துறைக்காரர்கள் இதே தொந்தரவோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே தேநீருக்கு மின்கெட்டிலில் தண்ணீர் வைப்பார்கள். தொலைக்காட்சித் தொடர் முடிந்ததும் நாடே எழுந்து கெட்டிலைத் தட்டிவிடும். அதனால் மின் கட்டுப்பாட்டு அறையில் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் வேலை. 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் இங்கிலாந்து பெனால்ட்டியில் தோற்றது. உடனே ஏறிய மின்தேவை 2,800 மெகாவாட். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் முழுமூச்சாக ஓடினால்கூடக் கிடைப்பது 2,000 மெகாவாட்தான். சோகத்துக்குத் தேநீர் வைத்ததால் வந்த கூடுதல் தேவை அது. இந்த மாதிரி நேரத்துக்கென்றே வேல்ஸ் நாட்டில் ஒரு மலையைக் குடைந்து டினோர்விக் நீர்மின் நிலையத்தைக் கட்டியிருக்கிறார்கள். இரவில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது திறந்துவிடுவார்கள். தயார்நிலையில் இருந்தால் 12 நொடிகளில் 1,320 மெகாவாட் தரும்.

வலைத்தளம் என்ற ஒன்று பிறந்ததும் நிவெனின் சாவடி வேறு வடிவில் எல்லோர் மேசைக்கும் வந்தது. எந்த முகவரிக்கும் ஒரு சொடுக்கில் போகலாம், தூரம் கிடையாது. ஆனால் போய்ச் சேரும் இடத்தில் இருப்பதென்னவோ ஒரு கணினி. ஒவ்வொரு வருகையாளருக்கும் அது கொஞ்சம் நினைவகத்தையும் கொஞ்ச நேரத்தையும் ஒதுக்க வேண்டும். ஒதுக்கி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்தால் வரிசை நீள்கிறது. பொறுமை இழந்தவர் பக்கத்தை மறுபடி திறக்கிறார். சர்வருக்கு அது புதிய ஆள். பழைய வேண்டுகோளுக்கான பதிலையும் தயாரித்துக்கொண்டு, யாரும் வாங்கிக்கொள்ளாத அந்தப் பதிலை அனுப்பவும் செய்து, கடைசியில் படுத்துவிடுகிறது.

1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது நாசா இதை எதிர்பார்த்திருந்தது. படங்களை ஒரே இடத்தில் வைக்காமல் பல நிறுவனங்கள், பல்கலைக்கழகங்களின் கணினிகளில் நகல் தளங்களை ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் ஒரு மாதத்தில் வந்த வேண்டுகோள்கள் 56 கோடிக்கும் மேல். அன்றைய இணையத்தின் அளவுக்கு அது பிரம்மாண்டம். எல்லோருக்கும் நாசாவின் முன்யோசனை வாய்க்குமா? அதே ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் ஹாலந்து என்ற சிற்றூரில் ராப் மால்டா என்ற இளைஞர் ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தைத் தொடங்கினார். அங்கே ஒரு தளத்தின் சுட்டி வந்துவிட்டால் போதும், ஏதோ கல்லூரி அறை மூலையில் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சின்னத் தளம் சில நிமிடங்களில் மூச்சை விட்டுவிடும். புகழே விபத்தாகிற இந்த நிலையை, அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஸ்டீபன் ஆட்லர் 1999இல் தன் சொந்தத் தளத்துக்கு நேர்ந்ததை அளந்தே கட்டுரையாக்கினார்.

சின்னவர்கள் மட்டும் விழவில்லை. அதே 1999 பிப்ரவரியில் விக்டோரியா'ஸ் சீக்ரெட் என்ற உள்ளாடை நிறுவனம் தன் ஃபேஷன் ஷோவை இணையத்தில் நேரலையாகக் காட்டியது. சில நாள் முன்பு, அமெரிக்காவே உட்கார்ந்து பார்க்கும் சூப்பர் பௌல் ஆட்டத்தின் நடுவே விளம்பரம் வேறு. சுமார் 15 லட்சம் பேர் முயன்றார்கள். பலருக்குக் கிடைத்தது உறைந்துபோன படம்.

இதற்கு மருந்து ஏற்கெனவே காய்ச்சப்பட்டுக்கொண்டிருந்தது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1995இலேயே எம்ஐடியில் சக ஆய்வாளர்களிடம் சவால் விட்டிருந்தார்: இந்த நெரிசலைத் தீர்க்க யாராவது புதிதாக ஒரு வழி கண்டுபிடியுங்கள். கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டன் அதைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் வந்து சேர்ந்த மாணவர் டேனி லெவின், இஸ்ரேல் ராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்தவர். ஒரு பக்கத்தின் நகல்களை ஆயிரக்கணக்கான சர்வர்களில் பரப்பிவைக்கலாம், சரி. எது எங்கே இருக்கிறது என்று யார் கணக்கு வைப்பது? ஒரு சர்வர் செத்தால் மொத்தக் கணக்கையும் திருத்துவதா? அவர்கள் குழு 1997இல் வெளியிட்ட முறையில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு ரேஷன் கடை மூடப்பட்டால் அந்தக் கடைக் குடும்ப அட்டைகளை மட்டும் பக்கத்துக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஊரில் மற்ற அட்டைகளைத் தொடாமல் விடுவதைப் போன்ற ஏற்பாடு அது.

லெவினிடம் காசில்லை. இந்த யோசனையை எம்ஐடியின் தொழில்முனைவோர் போட்டிக்கு அனுப்பினார்கள். இறுதிச் சுற்றுவரை போனது, பரிசு கிடைக்கவில்லை. 1998இல் அக்கமாய் என்ற நிறுவனமாகப் பதிவு செய்தார்கள். மறு ஆண்டு மார்ச்சில் ஸ்டார் வார்ஸ் படத்தின் முன்னோட்டம் இணையத்தில் வெளியாகி, அதைக் காட்டிய தளங்கள் திணறியபோது, அக்கமாய் தாங்கிப்பிடித்த தளம் நின்றது. அதன்பின் வாடிக்கையாளர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

2001 செப்டம்பர் 11 காலையில் பாஸ்டனிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 11ஆம் எண் விமானத்தில் டேனி லெவின் இருந்தார். நியூயார்க் வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் மோதிய விமானம் அது. அவருக்கு வயது 31. மோதலுக்கு முன்பே, கடத்தல்காரர்களால் கத்தியால் குத்தப்பட்டு, அன்றைய தாக்குதலில் முதலில் உயிரிழந்தவர் அவராக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அன்றைக்கு உலகமே செய்தித் தளங்களை மொய்த்தது. சிஎன்என் தன் பக்கத்திலிருந்து படங்களையெல்லாம் உருவிப்போட்டு வெறும் எழுத்தாகக் கொடுத்தது. கூகுள் தன் முகப்பிலேயே, செய்தி வேண்டுமானால் தொலைக்காட்சியையோ வானொலியையோ பாருங்கள் என்று எழுதிவைத்தது. அக்கமாய் ஊழியர்கள் தங்கள் நிறுவனர் போன செய்தி தெரிந்தபிறகும் எழுந்து போகாமல், செய்தித் தளங்களைத் தாங்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். இணையத்தின் வரலாற்றில் எனக்கு இதைவிடக் கொடுமையான தற்செயல் தெரியாது.

மறு ஆண்டு வந்த ஓர் ஆய்வு, கூட்டத்தையும் தாக்குதலையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டது. அதன் தலைப்பிலேயே நிவெனின் 'ஃபிளாஷ் க்ரவுட்' இருந்தது. சர்வரைச் சாய்க்கவென்றே ஆயிரம் கணினிகளிலிருந்து போலி வேண்டுகோள்களை அனுப்பும் விஷமிகள் உண்டு. ஆர்வத்தோடு வரும் லட்சம் பேருக்கும் அந்த விஷமிக்கும் சர்வரின் கண்ணில் என்ன வேறுபாடு? சிலி நாட்டுத் தேர்தல் முடிவுகளை வெளியிட்ட தளத்தின் பதிவேடுகளையெல்லாம் ஆராய்ந்து அவர்கள் சொன்ன விடை: மனிதர்களின் கூட்டம் பெரும்பாலும் ஏற்கெனவே வந்துபோன திசைகளிலிருந்தே வருகிறது, தாக்குதல் முன்பின் தெரியாத திசைகளிலிருந்து வருகிறது.

சொல்வது எளிது. 2009 ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி பரவியபோது, அவர் பெயரைத் தேடி வந்த வெள்ளத்தைத் தாக்குதல் என்றே கூகுளின் தானியங்கிக் காவல் நினைத்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் பார்த்து, உங்கள் கணினியில் வைரஸ் இருக்கக்கூடும் என்றது. விக்கிப்பீடியாவின் கதை வேறு. ஜாக்சனைப் பற்றிய பக்கத்தை யாராவது திருத்தியபடியே இருந்தார்கள். திருத்தும்போதெல்லாம் சேமித்துவைத்த நகல் செல்லாததாகிவிடும். அந்த நொடியில் காத்திருந்த ஒவ்வொருவருக்காகவும் சர்வர்கள் தனித்தனியே அதே நீண்ட பக்கத்தைத் தயாரிக்கக் கிளம்பின. பிற்பாடு அதற்கு ஒரு நிரலை எழுதிச் சேர்த்தார்கள். ஒருவர் தயாரிக்கட்டும், மற்றவர்கள் அது முடியும்வரை நிற்கட்டும் என்பதே அதன் வேலை.

இதற்குள் கூட்டம் திரையிலிருந்து தெருவுக்கு இறங்கிவிட்டது. 2001 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் அதிபர் எஸ்ட்ராடாவுக்கு எதிராக மணிலாவின் எட்சா சாலைக்குக் கறுப்புடையில் வரச்சொல்லிக் குறுஞ்செய்திகள் பறந்தன. நாலே நாளில் அவர் பதவி போனது. 17ஆம் தேதி தொடங்கிய கூட்டம் அது. பதினாறு ஆண்டு கழித்து அதே ஜனவரி 17 அன்று மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகச் சில இளைஞர்கள் கூடியதும், அடுத்தடுத்த நாட்களில் அது லட்சங்களானதும் நம் கண்முன் நடந்தது. இவற்றை ஃபிளாஷ் மாப் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. கோரிக்கை இருந்தது, தங்கினார்கள்.

ஃபிளாஷ் மாப் கோரிக்கையே இல்லாதது. 2003இல் நியூயார்க்கின் ஹார்ப்பர்ஸ் இதழில் ஆசிரியராக இருந்த பில் வாசிக், பெயரில்லாத ஒரு மின்னஞ்சல் கணக்கிலிருந்து முதலில் தனக்கே ஒரு கடிதம் அனுப்பிக்கொண்டார். பிறகு யாரோ அனுப்பியதுபோல அதை அறுபதுக்கும் மேற்பட்ட நண்பர்களுக்கு அனுப்பிவிட்டார். பத்து நிமிடத்துக்குள் முடியும், காரணமே இல்லாத ஒரு கூட்டத்துக்கு வரவேண்டும் என்பது அழைப்பு. ஹுக்குக்கு ஒரு கொள்ளுப்பேரன் கிடைத்துவிட்டார். முதல் முயற்சி மண்ணைக் கவ்வியது. விஷயம் கசிந்து, போலீஸ் முன்பே வந்து, கூட வேண்டிய கடையின் வாசலில் நின்றது.

ஜூனில் மறுபடி. இம்முறை நான்கு மதுக்கூடங்களில் ஆட்களைச் சேர்த்து, கடைசி நிமிடத்தில்தான் இடத்தைத் துண்டுச்சீட்டில் சொன்னார்கள். மேசிஸ் பேரங்காடியின் ஒன்பதாவது மாடி. நூறு பேருக்கும் மேல் போய் விலையுயர்ந்த ஒரு கம்பளத்தைச் சுற்றி நின்றார்கள். விற்பனையாளர் கேட்டால் சொல்லவேண்டிய பதில்: நாங்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் சேர்ந்து வாழ்கிறோம், எதை வாங்கினாலும் கூடித்தான் முடிவெடுப்போம். பத்து நிமிடம். கலைந்தார்கள். அடுத்தமுறை ஓர் ஓட்டல் கூடத்தில் இருநூறு பேர் தோன்றி, பதினைந்து நொடி கைதட்டிவிட்டுப் போனார்கள். இதற்கு ஃபிளாஷ் மாப் என்று பெயர் சூட்டியவர் வாசிக் அல்ல. கலிஃபோர்னியாவில் இவற்றைக் கவனித்து எழுதிவந்த ஷான் சாவேஜ். நிவெனின் கதை அவருக்கும் தெரியும்.

நகல்கள் மின்னல் வேகத்தில் வந்தன. ஜூலையில் ரோமாபுரியில் சுமார் 300 பேர் ஒரு புத்தகக் கடைக்குள் புகுந்து இல்லாத புத்தகங்களைக் கேட்டார்கள். அக்டோபர் 4 அன்று மும்பையின் கிராஸ்ரோட்ஸ் மாலில் ஒரு குழு பங்குச்சந்தைத் தரகர்கள்போல் கத்தி, கர்பா ஆடி, சிலையாக நின்று, குடையை விரித்து நடந்துவிட்டது. நியூயார்க்கிலிருந்து மும்பைக்கு வர நாலே மாதம். வாசிக் அதற்குள் கடையைக் கட்டியிருந்தார். தன் பெயரை அவர் வெளியே சொன்னதே 2006இல்தான். நவநாகரிக நியூயார்க்வாசிகள் கூட்டத்தோடு சேர எதையும் செய்வார்கள் என்பதைச் சோதித்துப் பார்த்ததாக எழுதினார்.

அவர் வாய் திறப்பதற்கு முன்பே விளம்பரக்காரர்கள் வந்துவிட்டார்கள். 2005இல் ஃபோர்டு நிறுவனம் தன் ஃப்யூஷன் காருக்காகத் 'திடீர்' இசைக் கச்சேரிகளை நடத்தியது. அந்தத் திடீருக்கு முன்கூட்டியே விளம்பரமும் செய்தது. இந்த வகையின் உச்சம் 2009 ஜனவரி 15. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் பயணிகளுக்கு நடுவே ஒருவர் ஆடத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் சுமார் 350 பேர். டி-மொபைல் நிறுவனத்தின் விளம்பரம் அது. வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த தொழில்முறை ஆட்டம். மறுநாளே தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. வாசிக் செய்ததில் ஒத்திகையும் கிடையாது, திறமையும் தேவையில்லை. ஆனால் இன்று ஃபிளாஷ் மாப் என்றதும் கல்லூரி விழாவிலும் மாலிலும் ஒரே அசைவில் ஆடும் கூட்டம்தானே நினைவுக்கு வருகிறது? அந்தப் பிம்பம் பெரும்பாலும் இந்த விளம்பரம் போட்ட விதை. அசலை விற்பனைக்காரனின் நகல் விழுங்கிவிட்டது என்பேன்.

மூன்று வாரம் கழித்து நகலுக்கு ஒரு நகல் வந்தது. விளம்பரத்தைப் பார்த்துச் சொக்கிப்போன ஓர் இளைஞர், அதே நிலையத்தில் பிப்ரவரி 6 மாலை அவரவர் ஹெட்போனில் பாட்டுக் கேட்டு ஆடுவோம் என்று ஃபேஸ்புக்கில் அழைத்தார். நண்பர்கள் வருவார்கள் என்று நினைத்திருப்பார். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குப் போகும் கூட்டம் வேறு. நிலையத்தையே சிறிது நேரம் மூட வேண்டியதாயிற்று. ஸ்லாஷ்டாட் சுட்டியால் சர்வர் விழுந்தது மாதிரியே செங்கல்லும் இரும்புமான ரயில் நிலையம் படுத்தது.

ரயில் நிலையங்களுக்கும் இதற்கும் ஏதோ ராசி. 2011 நவம்பரில் மும்பை சத்ரபதி சிவாஜி நிலையத்தில் சுமார் இருநூறு பேர் 'ரங் தே பசந்தி' பாட்டுக்கு ஆடிய காணொளி நாடெங்கும் சுற்றியது. நம் ஊர்க் கல்லூரிகளும் மால்களும் அதன்பிறகுதான் இந்த ஜுரத்தில் விழுந்தன. மும்பையில் ஆடிய இடம், மூன்றாண்டு முன்பு பயங்கரவாதிகள் சுட்டுத் தள்ளிய அதே கூடம். அந்த இருநூறு பேர் ஆடிய தேதி நவம்பர் 27. பெர்னர்ஸ் தெரு அமளி நடந்து அன்றைக்குச் சரியாக 201 ஆண்டு. ஆடியவர்களில் எவருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நிவெனின் கதை அச்சாக நடந்தது நெதர்லாந்தில். ஹாரன் என்ற அமைதியான ஊர். 2012 செப்டம்பரில் ஒரு சிறுமி தன் பதினாறாவது பிறந்தநாளுக்கு ஃபேஸ்புக்கில் அழைப்பு வைத்தாள். நண்பர்களுக்கு மட்டும் என்று குறிக்க மறந்துவிட்டாள். யார் யாரோ வருகிறோம் என்றார்கள். அழைப்பை நீக்கினாள், விஷமிகள் வேறு அழைப்புகளை உருவாக்கினார்கள். இப்படி ஒரு கூட்டம் சேரப்போகிறது என்று ஊடகங்கள் பேசப் பேச, கூட்டம் பெருத்தது. 21ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் வந்து, பார்ட்டி இல்லையென்றதும் கடைகளை உடைத்தார்கள், ஒரு காரைக் கொளுத்தினார்கள். செய்தி கூட்டத்தை வளர்க்கிறது, கூட்டம் செய்தியை வளர்க்கிறது என்று 1973லேயே அந்த மனிதர் எழுதிவைத்திருந்தார்.

தெருவும் சர்வரும் இணைந்த விசித்திரமும் உண்டு. ஜப்பானில் இயக்குநர் மியாசாகியின் 'லாப்யூட்டா' படம் தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம், பாத்திரங்கள் 'பால்சு' என்ற அழிவு மந்திரத்தைச் சொல்லும் அதே கணத்தில் பார்ப்பவர்களும் ட்விட்டரில் அதைத் தட்டுவது வழக்கம். 2013 ஆகஸ்ட் 2 அன்று ஒரே நொடியில் 1,43,199 பதிவுகள். கூட வேண்டிய இடம் இல்லை, கலைய வேண்டியதும் இல்லை. ஆனால் வாசிக்கின் விளையாட்டுதான். சில ஆண்டு முன்புவரை கொஞ்சம் பாரம் ஏறினாலே திமிங்கிலப் படத்தைக் காட்டிப் படுத்துவிட்ட ட்விட்டர், அன்று அசையாமல் நின்றது.

நமக்கு இந்த அனுபவம் காலை எட்டு மணிக்கு. தீபாவளிக்கு ஊருக்குப் போக நெல்லை, பாண்டியன் ரயில்களுக்கு முன்பதிவு திறக்கும் நிமிடத்தில் ஐஆர்சிடிசி தளத்தில் விரலை வைத்துக் காத்திருந்தவர்களுக்கு எர்லாங் கணக்கு எங்கே உடையும் என்று விளக்க வேண்டாம். 2014இல் அந்தத் தளத்தின் திறனை நிமிடத்துக்கு 2,000 டிக்கெட்டிலிருந்து 7,200ஆக உயர்த்தினார்கள். மறு ஆண்டு செய்த மாற்றத்துக்கு அவ்வளவு செலவில்லை: தத்கால் முன்பதிவில் குளிர்சாதன வகுப்புக்குப் பத்து மணி, மற்றவற்றுக்குப் பதினொன்று என்று நேரத்தைப் பிரித்தார்கள். கூட்டம் இரண்டாக உடைந்தது. 2021 ஏப்ரல் 28 மாலை நாலு மணிக்கு, 18 வயது முடிந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவைத் திறந்தபோது அந்தப் பாடம் யாருக்கும் நினைவில் இல்லை. சில நிமிடங்களில் தளம் திணறியது, ஓடிபி வரவில்லை. அன்றே 1.3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது பெரிய கச்சேரி டிக்கெட்டுகளுக்கும் அரசுத் தளங்கள் பலவற்றுக்கும் 'காத்திருப்பு அறை' வைக்கிறார்கள். தளத்துக்கு முன்னால் இன்னொரு பக்கம். அதில் உங்கள் வரிசை எண் தெரியும். உள்ளே இடம் காலியாகக் காலியாக விடுவார்கள். இந்த வியாபாரத்தில் முன்னணியில் இருக்கும் கியூ-இட் நிறுவனம் 2010இல் தொடங்கப்பட்டது, எர்லாங் குழிக்குள் இறங்கிய அதே கோபன்ஹேகனில். எல்லா இடத்திலும் இது பலித்துவிடவில்லை. 2022 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரிக்கு டிக்கெட்மாஸ்டர் வரிசையெல்லாம் வைத்தும், 350 கோடி வேண்டுகோள்கள் வந்து முட்டித் தளம் தள்ளாடியது.

இப்படிப்பட்ட காத்திருப்பு அறைகளில், திறக்கும் நேரத்துக்கு முன்பே வந்தவர்களை வழக்கமாகக் குலுக்கல் முறையில்தான் வரிசைப்படுத்துகிறார்கள். ஐந்து நிமிடம் முன்னால் வந்தவருக்கும் ஒரு மணி நேரம் முன்னால் வந்தவருக்கும் வாய்ப்பு ஒன்றே. ஆகவே விடியற்காலை எழுந்து உட்கார வேண்டாம். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு தட்டலும் சர்வருக்கு இன்னோர் ஆள் வந்ததாகத்தான் கணக்கு.